மூக்குச் சுருட்டும் மூன்றாம் நம்பர் டேங்கும்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் மூன்று மாடி வீடு. அஸ்திவாரக் குழியில் நானும் இறங்கி மண்வெட்டி பிடித்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு ஷெட், அதில் வின்ச் நான்கு, கம்ப்ரசர் இரண்டு. கப்பலின் வயிற்றுக்குள் போய்த் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க ஒரு காலத்தில் என்னிடம் நூற்றுப்பத்து ஆள். ராயபுரத்தில் ஒரு கோயிலுக்கு இரும்புக் கதவு போட்டுக் கொடுத்தேன். இத்தனை வருஷ உப்புக்காற்றிலும் அது கிறீச்சிடவில்லை. இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். ஒருத்தி கம்ப்யூட்டரில் பாலத்துக்குப் படம் போடுகிறாள். இதெல்லாம் நாலாவது வகுப்பைப் பாதியில் விட்டவன் செய்தது. என் அப்பன் எனக்கு விட்டுப்போனது ஒரே ஒரு துருச்சுரண்டி. அதற்குக் கைப்பிடியும் கிடையாது.

'முடியாது' என்று யார் யாரோ சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேருக்கு நானே பிற்பாடு வேலை கொடுத்தேன். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, துறைமுகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இப்போது எங்கள் தொழில்காரர் சங்கம் மலர் போடுகிறது. மூத்தவன் என்று என்னையும் வாழ்க்கையை எழுதித் தரக் கேட்டார்கள். கூடவே அச்சுக்குப் போகும் தாள்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். என் பேத்தியை வாசிக்கச் சொன்னேன். வேலையில் உயிர்விட்டவர்கள் பட்டியல் ஒரு பக்கம். அதில் என் மேஸ்திரிக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்: 'உத்தரவின்றித் தொட்டிக்குள் இறங்கி, தன் கவனக்குறைவால் உயிரிழந்தார்.' எதிர்ப் பக்கத்தில் என் போட்டோ. கீழே, 'அதே விபத்தில் மூன்று தொழிலாளரின் உயிரைக் காத்தவர்.'

இந்த இரண்டில் முதலாவது பொய். அந்தப் பொய்யின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. அதை எடுப்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப்பிழையைப் பேத்தி பார்த்துக்கொள்வாள். மற்றதில் கைவைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் சுருட்டில் தொடங்காமல் இதைச் சொல்ல முடியாது.

சுருட்டு எங்கள் பக்கத்தில் புதிதல்ல. மூட்டை தூக்கியவர்கள், வலை இழுத்தவர்கள் எல்லாரும் குடித்தார்கள். கடற்காற்றில் அணையாமல் இருக்கக் கங்குப் பக்கத்தை வாய்க்குள் வைத்துப் புகைத்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். நம் சுருட்டு இரண்டு பக்கமும் ஒரே தடிமன். ஒரு முனையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுப் பற்றவைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு ஒரு வித்தையும் தேவையில்லை.

கப்பல்காரர்கள் கொடுப்பது வேறு. நான் ஆள் வைத்து வேலை எடுக்கத் தொடங்கிய புதிதில் ஒரு தானியக் கப்பலின் அடித்தளத்தைக் கழுவிக் கொடுத்தோம். தாடி வைத்த சீஃப் ஆபீசர் வெள்ளைக் கைக்குட்டையைச் சுவரில் தேய்த்துப் பார்த்தார். அழுக்கு இல்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒரு சுருட்டை நீட்டினார். அடியில் கட்டைவிரல் பருமன், மேலே போகப் போக ஒடுங்கி முனை ஊசியாக நின்றது. கப்பல் மூக்கைப் போலவே இருந்ததால் நாங்கள் அதற்கு மூக்குச் சுருட்டு என்று பெயர் வைத்தோம்.

நான் வாங்கினேன், நம் பழக்கத்தில் கடித்தேன். வெளி இலை முனையிலிருந்து நடுவரைக்கும் பிளந்துகொண்டது. சீஃப் சிரித்தார். கப்பலில் சமையல்காரன் வரைக்கும் சிரித்தான். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நான் யார்? அடுத்த கப்பலில் ஒருவர் மூக்குச் சுருட்டை எடுத்தபோது வேலையை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூக்கில் நறுக்க வேண்டியது ஒரு நெல் அளவு. அதற்குமேல் போகக்கூடாது. நறுக்கிவிட்டுப் பற்றவைக்காமல் வெறுமனே இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் இன்னொரு நெல். ஒரேயடியாக வெட்டியவனால் போன முனையைத் திரும்ப ஒட்ட முடியாது. வெட்டு பெரிதானால் இலை அவிழும், புகை சூடாக வந்து நாக்கைச் சுடும். சிறிதானால் கன்னம் ஒட்டிப்போகும் வரை இழுத்தாலும் ஒன்றும் வராது. அவர்கள் வைத்திருந்தது இரட்டைக் கத்தி வைத்த சின்னக் கருவி. நான் பாதி பிளேடால் செய்தேன். பிளேடை அசைக்காமல் பிடித்துக்கொண்டு சுருட்டை உருட்ட வேண்டும். அசைவதெல்லாம் சுருட்டுதான். கொஞ்சம் சாய்த்து உருட்டினால் வாய் அகலும், மூக்கும் குலையாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினைந்து சுருட்டைப் பாழாக்கி நானே கண்டுபிடித்தேன்.

பற்றவைப்பதும் அப்படித்தான். தீக்குச்சியின் மருந்து எரிந்து தீரட்டும். பிறகு சுடரை இலையில் படவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டைத் திருப்பித் திருப்பி அடியை முழுக்க வாட்ட வேண்டும். அடி முழுவதும் ஒரே சிவப்பாக வந்த பிறகுதான் வாயில் வைக்கலாம். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. புகை நெஞ்சுக்குப் போகக்கூடாது. மூக்கு ஒடுங்கி இருப்பதால் புகை திரண்டு நாக்கு நுனிக்கு வரும். அங்கே வைத்திருந்து விட வேண்டும். நான் நறுக்கி நான் பற்றவைத்த சுருட்டு நடுவில் அணைந்ததாக யாரும் சொன்னதில்லை. சாம்பல் ஒரு அங்குலம் உதிராமல் நிற்கும். 'இவன் கொளுத்தினால் கடலில் போட்டாலும் அணையாது' என்று ஒரு கேப்டன் சொன்னதைக் கப்பல் ஏஜென்சிக்காரர் தமிழில் எனக்குச் சொன்னார். அதை நான் எத்தனை பேரிடம் திருப்பிச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

மேஸ்திரி வியாசர்பாடிக்காரன். என்னிடம் இருபத்திரண்டு வருஷம் இருந்தான். டேங்குக்குள் எந்த மூலையில் துரு தடித்திருக்கும் என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்வான். குடிப்பதில்லை. சுருட்டு மட்டும் உண்டு. நான் கொடுக்கும் மூக்குச் சுருட்டை வேண்டுமென்றே என் கண்ணெதிரில் கடித்துத் துப்புவான்.

"அட கஸ்மாலம், அத்த இப்புடியா கடிப்பே? எலி மாரி!"

"நைனா, நீ ஆப்ரேசன் தியேட்டர் தொறந்து, பிளேடு எடுத்து, நாள் நட்சத்திரம் பாத்து நறுக்கறதுக்குள்ள நானு குட்ச்சி முட்ச்சி இன்னொன்னு கேட்டுகினு இருப்பேன்."

"உனுக்கு இன்னொன்னு குடுக்கறதுக்கு நான் பிளேடால என் மூக்கயே நறுக்கிக்கலாம்."

"நறுக்கிக்கோ. ஆனா ஒரு நெல்லு அளவுதான். அதுக்கு மேல போனா இலை பிரிஞ்சிரும்."

ஆட்கள் எல்லாரும் சிரிப்பார்கள். என்னை அப்படிப் பேசும் தைரியம் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. நானும் அதை அவனுக்கு விட்டுவைத்திருந்தேன்.

இனி வேலையைச் சொல்ல வேண்டும். கப்பலிலும், சரக்கேற்றி இழுத்துப்போகும் தட்டைப் படகான பார்ஜிலும் பாரத்துக்குத் தண்ணீர் நிரப்பும் டேங்குகள் இருக்கும். மூடியை முடுக்கி மாதக்கணக்கில் விட்டுவிட்டால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்கிற இரும்பு காற்றில் உள்ள உயிரைத் தின்றுவிடும். வாடை இருக்காது, புகை இருக்காது. பார்த்தால் சும்மா இருட்டு. இறங்கியவன் இரண்டு மூச்சு இழுப்பான், அவ்வளவுதான். அதனால் மூடியைத் திறந்து, காற்று ஓடவிட்டு, மீட்டர்காரர் வந்து அளந்து சீட்டுக் கொடுத்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். சட்டம் அதுதான்.

எங்கள் காலத்தில் மீட்டர் ஏது? கிணறு தூர் எடுப்பவர்கள் செய்ததையே செய்தோம். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். எரிந்தால் இறங்கு, அணைந்தால் நில். பிற்பாடு எங்கோ ஒரு கப்பலில் தீப்பிடித்தது என்று, மேல்தளத்தில் எரிகிற விளக்கே வரக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். மீட்டரோ நினைத்த நேரத்துக்கு வராது. காலையில் சொல்லிவிட்டால் சாயங்காலம் வருவார், சில நாள் மறுநாள் வருவார். ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சுடர்தானே கூடாது? கங்கு கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. ஒரு பால்பவுடர் டப்பாவில் ஆணியால் சுற்றிலும் ஓட்டை போட்டேன். கம்பியால் ஒரு கிளிப் வைத்தேன். பற்றவைத்த சுருட்டைக் கங்கு கீழே பார்க்க அதில் மாட்டி, மூடி போட்டுக் கயிற்றில் இறக்கினேன். முதலில் நம் ஊர்ச் சுருட்டைத்தான் வைத்தேன். அது நல்ல காற்றிலேயே அணையும். ஒரு டேங்குக்கு நாலு தடவை இறக்க வேண்டியிருந்தது. சலித்துப்போய் மூக்குச் சுருட்டுக்கு மாறினேன். நான் நறுக்கி, நான் வாட்டி, டப்பாவில் தொங்கவிட்டால் அது நின்று எரிந்தது. அடியில் கங்கு, மேலே ஒடுங்கிய வாய், நடுவில் புகை சிம்னி மாதிரி ஏறிப் போகும். ஒரு தடவைகூட அணையவில்லை.

ஒரு தடவைகூட அணையவில்லை என்பதை அன்றைக்கு நான் பெருமையாகத்தான் நினைத்தேன். எந்த டேங்கிலும் அணையாத ஒன்றை வைத்து எந்த டேங்கை அளப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. 'நைனா சுருட்டு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பக்கத்து காண்ட்ராக்டர்கள் ஆள் அனுப்பி டப்பாவை வாங்கிப்போனார்கள். மீட்டர் சீட்டு வேலை முடிந்த பிறகு வந்து காகிதத்தில் சேர்ந்துகொள்ளும். இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. எங்கள் டேங்குகளில் பெரும்பாலானவை நாள்தோறும் புழங்குபவை, உள்ளே காற்று இருந்தது. அதனால்தான் ஓடியது, என் சாமர்த்தியத்தால் அல்ல.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எண்ணூர் பக்கம் ஒரு பழைய பார்ஜ் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கழிமுகத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். அடியில் டேங்க் ஆறு. தண்ணீரை வடித்துவிட்டு மூடியை முடுக்கியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேல்தளத்தில் ஒரு விரல் தடிமனுக்குப் படிந்து, மழையில் நனைந்து சிமெண்டாக இறுகிக் கிடந்தது. முதல் நாள் அதைக் கொத்தி எடுக்கவே சரியாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை மூன்றாம் நம்பர் டேங்கின் மூடியைக் கழற்றினோம். போல்ட் எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. சுத்தியலால் அடித்தே கழற்ற வேண்டியிருந்தது. மூடி விலகியதும் உள்ளே ஒரு ஊதல் சத்தம் கேட்டது. வெளிக்காற்றை அது உள்ளே இழுத்தது. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வயிறு காலியாக இருப்பவன்தான் அப்படி உறிஞ்சுவான்.

நான் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து இரண்டு சுருட்டை நறுக்கினேன். ஒன்று டப்பாவுக்கு, ஒன்று எனக்கு. டப்பாவை மேஸ்திரிதான் இறக்கினான். என் சுருட்டில் ஒரு விரற்கடை எரியும் நேரம் உள்ளே வைத்திருந்து இழுத்தோம். மூடியைத் திறந்து பார்த்தேன். சாம்பலை ஊதினால் கங்கு நெற்றிப்பொட்டு மாதிரிச் சிவப்பாக இருந்தது.

"நல்ல காத்து. எறங்கு," என்றேன்.

அவன் நின்றான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நைனா, மீட்டருக்காரு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்னு போன்ல சொன்னாரு."

"அதுக்கு?"

"இல்ல, ஒரு வருசமா மூடிக் கெடந்த டேங்கு. ஊதற சத்தம் கேட்டியா? அந்தாளு வரட்டுமே. இன்னா அவசரம்?"

"இன்னாடா, பயந்துகினியா?"

"பயம்லாம் இல்ல நைனா…"

"என் சுருட்டு சொல்றத உட அவன் மீட்டரு சொல்றதா ஒசத்தி? பத்து வருசமா உன்ன எறக்கறனே, ஒரு தபா பொய் சொல்லிச்சா? பேஜாரு பண்ணாம எறங்குடா. இல்ல, சொல்லு, நானே எறங்கறேன்."

ஆட்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு அவனைப் பார்த்து. நானே இறங்குகிறேன் என்றது வாய்ப்பேச்சு. எனக்கு அப்போதே முழங்கால் மடங்காது. அது அவனுக்கும் தெரியும். அவன் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். இதை யாரும் எனக்காகக் கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டாம். அவன் சொன்ன வார்த்தையும் நான் சொன்ன வார்த்தையும் இவைதான்.

ஐந்தாவது படி வரைக்கும் அவன் தலை தெரிந்தது. பிறகு கை மட்டும் தெரிந்தது. பிறகு அந்தக் கை விரிந்துகொண்டது. பிடி நழுவியது போல இல்லை. இனி வேண்டாம் என்று விட்டுவிட்டது போல இருந்தது. கீழே விழுந்த சத்தம் ரொம்பப் பெரிதாகக்கூட இல்லை.

மூன்று பேர் ஒரே நேரத்தில் துவாரத்துக்குப் பாய்ந்தார்கள். அதில் ஒருவன் மேஸ்திரியின் தங்கை புருஷன், எங்கள் பேச்சு எதுவும் கேட்காமல் பார்ஜின் மறுகோடியில் இருந்து கூச்சலுக்கு ஓடிவந்தவன். நான் துவாரத்தின்மேல் உட்கார்ந்தேன். ஆமாம், அப்படியே கால் இரண்டையும் பரப்பி மூடி மாதிரி உட்கார்ந்தேன். அவர்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள், முதுகில் குத்தினார்கள். "உடு நைனா, எங்க மச்சான் உள்ள கீறாரு, உடு!" என்று அவன் என் சட்டையைக் கிழித்தான். நான் எழவில்லை. ஒருவனைத் தூக்கப் போன மூன்று பேரும் செத்த கதைகளை நான் துறைமுகத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். கம்ப்ரசர் குழாயைக் கொண்டுவந்து என் தொடைக்கு நடுவே உள்ளே விட்டுக் காற்றடித்தார்கள். மீட்டர்காரர், தீயணைப்பு வண்டி, எல்லாம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முகமூடி போட்ட ஒருவர் இறங்கி அவனைக் கட்டித் தூக்கினார். முகத்தில் ஒரு கீறல் இல்லை.

இதுதான் நான் மூன்று பேரைக் காப்பாற்றியது. அது உண்மை. அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒருவனை இறக்கியவனும் அதே ஆள்தான்.

மூன்றாவது நாள் விசாரணைக்கு முன்னால் ஏஜென்சி மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். தெற்கத்திக்காரர், மரியாதையான மனுஷர்.

"பெரியவரே, நீங்க மூணு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க. அதான் எல்லாரும் பேசுறாங்க. சுருட்டு, டப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு? ஸ்பேனர் உள்ள விழுந்திருக்கும், எடுக்கலாம்னு அவரே இறங்கியிருப்பாரு. அப்படித்தானே நடந்திருக்கும்?"

நான் அப்படித்தான் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று இன்றைக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தப்பிக்கமாட்டேன். தமிழில் வாசித்துக் காட்டினார்கள், ஒவ்வொரு வரியும் புரிந்தது. கையெழுத்துப் போட்டேன். பேச்சைக் கேட்டிருந்த ஆட்கள் என் சம்பளத்தில் இருந்தவர்கள், அவர்களும் காகிதத்தில் உள்ளதையே சொன்னார்கள். நான் இங்கிலீஷில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது முப்பது வயதில். அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

அதே வாரம் நாலாம் நம்பர் டேங்கைத் திறக்க மீட்டர்காரர் வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். எல்லாரும் தள்ளிப்போனதும் அவரிடம் கேட்டேன், "சார், ஒரே ஒரு தபா எனுக்காண்டி பாக்கணும்." அவர் முதலில் முடியாது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மீட்டரை உள்ளே விட்டு, தீப்பிடிக்கிற வாயு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஒரு கயிற்றில் மெழுகுவர்த்தியைக் கட்டினேன், இன்னொரு கயிற்றில் என் டப்பாவை. இரண்டையும் சேர்த்து இறக்கினோம். இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் மெழுகுவர்த்தி அணைந்தது. வெளியே எடுத்துத் திரும்பக் கொளுத்தி இறக்கினோம். திரும்பவும் அணைந்தது. டப்பாவைத் தூக்கினேன். கங்கு சிவப்பாக இருந்தது.

"கங்குக்குக் கொஞ்சம் காத்து போதும்யா," என்றார் அவர். "மனுஷனுக்குப் போதாது. அதுலயும் இதை யாரோ நல்லாப் பத்தவெச்சிருக்காங்க. சாதாரணச் சுருட்டா இருந்தா எப்பவோ அணைஞ்சிருக்கும்."

டப்பாவை அங்கேயே கழிமுகத்தில் எறிந்தேன்.

பதினாறாம் நாள் வியாசர்பாடி குடியிருப்பில் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். படையலில் இட்லி, கறிக்குழம்பு, அவன் போட்டோ. பழக்கப்படி ஒரு சுருட்டு வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். நானும் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தேன், நறுக்காமல். அவன் சம்சாரம் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அண்ணா, உள்ள போவக்கூடாதுன்னு அவுருக்குத் தெரியாதா? எனுக்கே வூட்ல நூறு தபா சொல்லிக்கீறாரு. அப்பால ஏன் எறங்குனாரு?"

அவள் என்னைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான், விதி என்றேன். மூன்று மாடி கட்டியவன், நூற்றுப்பத்து ஆளை மேய்த்தவன், ஒரு பெண்பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாமல் விதி என்றேன்.

அன்றைக்குப் பிறகு நான் சுருட்டு குடிக்கவில்லை. அதைத் தண்டனை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாயில் வைத்தால் வெறும் இரும்பு ருசி வருகிறது, அவ்வளவுதான்.

மலர்த் தாளைப் பார்த்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நேரே மேஸ்திரி சம்சாரத்தின் வீட்டுக்குப் போனேன். அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் மகள்தான் வாசித்தாள். பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சுருட்டு, டப்பா, அவன் மீட்டருக்குக் காத்திருக்கலாம் என்றது, நான் பயந்துவிட்டாயா என்று கேட்டது, ஆட்கள் சிரித்தது, காகிதத்தில் கையெழுத்து, எல்லாம். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல்தான் நின்றேன், துரத்தினால் போக வசதியாக இருக்கட்டும் என்று.

மகள்தான் பேசினாள்.

"எம் புருசன் வூட்ல சண்டைன்னு வந்தா மொத வார்த்த இன்னா தெரியுமா? 'உங்கப்பன் குட்ச்சிட்டு டேங்குல உயுந்து செத்தவன்தான?' ஆறு வருசமா கேட்டுகினுகீறேன். எங்கப்பா குடிக்கவே மாட்டாருன்னு சொன்னா, அப்ப ஏன் எறங்குனாருன்னு கேக்கறாங்கோ. எனுக்கு பதில் தெரியல. நீ வெச்சிகினு இருந்திருக்க."

"தப்புதாம்மா."

அப்போது அவள் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்புன்னு என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போது? எனுக்குத்தான் தெரியுமே, அவுரு சும்மா எறங்கற ஆளு இல்ல. எழுதனவங்களாண்ட போய் சொல்லு. அச்சுல வரட்டும். அது வராம இந்த வாசப்படி ஏறாத."

ஏறமாட்டேன்.

சங்கத்துக்காரர்களே, இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். கட்டுரையைத் திருத்திக் குறைத்துப் போடுவதாகச் சொன்னீர்கள். வீட்டையும் ஷெட்டையும் கதவையும் குறைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. நறுக்குகிற வித்தையையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரியை மட்டும் நான் சொல்லும்படி போட வேண்டும். 'காற்றை அளக்கும்வரை காத்திருக்கலாம் என்று சொன்னவர். காண்ட்ராக்டர் சுருட்டைக் காட்டி, கேலி பேசி இறக்கினார், இறங்கி உயிரிழந்தார்.' காண்ட்ராக்டர் என்ற இடத்தில் என் பெயரை முழுசாகப் போடுங்கள், அப்பன் பெயரின் முதலெழுத்தோடு.

விசாரணைக் காகிதத்துக்கு இது விரோதமாக இருக்கிறது, சங்கத்துக்குச் சங்கடம் என்று உங்கள் செயலாளர் போனில் சொன்னார். காகிதத்தில் இருப்பது என் கையெழுத்து. அதைப் போட்ட நானே அது பொய் என்கிறேன். இன்னும் எங்கே வந்து சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், வருகிறேன். கேஸ் வந்தால் வரட்டும். இந்த வயதில் என்னை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அங்கேயும் நாலு சுவர்தான்.

வாழ்நாள் முழுக்க என் பங்கை யாரும் எடுத்துக்கொள்ள நான் விட்டதில்லை. ஒரு கதவுக்குக் கூட என் பெயரைப் பொறிக்கச் சொல்லிச் சண்டை போட்டவன். இந்தச் சாவிலும் என் பங்கு எனக்கு வேண்டும். அதைச் செத்தவன் தலையில் எழுதாதீர்கள். என் பெயரில் எழுதுங்கள். இல்லையென்றால் என் போட்டோ இருக்கும் பக்கத்தை எடுத்துவிட்டு மலரை அச்சடியுங்கள்.